கடலில்லா நாட்டுக்காரரின் கப்பல் கணக்கு

கப்பலில் எங்களுக்குக் கொடுத்த அறைக்குள் நுழைந்ததும் கரூர் மாமாவின் கண் போனது கட்டில் மேல் உட்கார்ந்திருந்த யானையின் மீதுதான். குளியல் துண்டை மடித்தும் சுருட்டியும் தும்பிக்கையோடு ஒரு யானை செய்து வைத்திருந்தார்கள். “அழகாக இருக்கிறது, கலைத்துவிடாதீர்கள்” என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள் மாமா அதன் காதைப் பிரித்துவிட்டார். ஓரத் தையலைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். “ஐந்நூறு ஜி.எஸ்.எம். இருக்கும் மாப்பிள்ளை. நம் ஊர்ச் சரக்கு மாதிரிதான் தெரிகிறது” என்றார். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. மாமா முப்பது ஆண்டு தறி ஓட்டி, ஏற்றுமதிக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் கொடுத்தவர். அவர் சொன்னது சரியா என்று பார்க்க வழியில்லை. துணியில் தைத்திருந்த சீட்டை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் கொங்குச் சரக்குக்குக் கடல் புதிதல்ல. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் எடுத்த பச்சைக்கல், நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகள் எல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போய் ரோமாபுரிக் கப்பல்களில் ஏறின. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் வெள்ளலூரிலும் கரூரிலும் பொள்ளாச்சிப் பக்கமும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. இன்றைக்கும் திருப்பூர் பனியன் பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிறது. சரக்கு போகும், ஆள் அதிகம் போவதில்லை என்பதுதான் இரண்டாயிரம் ஆண்டு வழக்கம். அதை மாற்றியதில் பம்புசெட், சிமெண்ட், பெயிண்ட் கம்பெனிகள் விற்பனை இலக்கை எட்டிய கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் ‘டீலர் டூர்’ என்ற கப்பல் சுற்றுலாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஒருவர் போய் வந்து படம் காட்டினால் அடுத்த மே மாதம் அவருடைய சம்பந்தி வீட்டார் புறப்படுகிறார்கள்.

போய் வந்தவர்களைக் கேட்டால் இரண்டே பதில்தான். ஒன்று, “சொர்க்கம்.” மற்றொன்று, “காசைப் பிடுங்கிக்கொண்டு சிறையில் போட்டார்கள்.” ஒரே கப்பல், ஒரே பயணம், பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள் இப்படிச் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையே. இந்தச் சுற்றுலாவின் சுகத்துக்கும் தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: ஏறிவிட்டால் வெளியே போக முடியாது.

அதற்கு முன் பழைய கதை கொஞ்சம். நம் தாத்தா காலத்தில் கப்பல் ஏறுவது பிழைப்புக்காக. 1926 இல் கட்டப்பட்ட ராஜுலா என்ற கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 இல் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே அற்றுப்போனது. உலகெங்கும் இதே கதைதான். 1958 இல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், ஐந்து நாள் கப்பலில் போக யாருக்கும் தேவை இல்லாமல் போயிற்று. வேலையிழந்த கப்பல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, எங்கேயும் கொண்டுபோய் விடாமல் சுற்றிக் காட்டிக் கூட்டி வருவது. இன்று இந்தத் தொழிலில் உலகிலேயே பெரிய நிறுவனமான கார்னிவல், 1972 இல் பழைய கப்பல் ஒன்றை வாங்கி மார்டி கிரா என்று பெயர் வைத்து முதல் பயணம் விட்டது. மயாமியை விட்டுக் கிளம்பிய சூட்டோடு அது மணல் திட்டில் தட்டி நின்றது. அப்படித் தொடங்கிய தொழிலில் இப்போது ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் 20 தளங்களோடும் 365 மீட்டர் நீளத்தோடும் ஓடுகிறது. நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள் வரை கொள்ளும்.

இந்தியாவில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 1990 இல் கட்டிய கப்பல். முன்பு ராயல் கரீபியன் வைத்திருந்தது. 2022 ஜூனில் அது சென்னைக்கு வந்தது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போனது. ஜூன் மாதத்தில் ஏன் மும்பையை விட்டுச் சென்னைக்கு வருகிறது என்பதை நம்மவர்களுக்கு எளிதாக விளக்கிவிடலாம். பல்லடத்திலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் அந்த மாதங்களில் அரபிக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கப்பல் ஆடாதா? ஆகவே அந்தப் பருவத்துக்குக் கிழக்குக் கடற்கரை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் வரத் தொடங்கும்போது மேற்குக் கரை நல்லது. டிக்கெட் எடுக்குமுன் தள்ளுபடியைப் பார்ப்பதைவிட மாதத்தைப் பாருங்கள்.

நாங்கள் போனது சிங்கப்பூரிலிருந்து. கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் நம் பக்கத்தவர்களுக்கு அதுதான் வசதி. விசா மட்டும் பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலில் சுற்றிவிட்டுத் திரும்பி இறங்குவது இன்னொரு நுழைவு. இதைக் கவனிக்காமல் வருகிறவர்கள் உண்டு.

சுகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். காசிக்கும் ஹரித்வாருக்கும் பஸ்ஸில் போய் வந்தவர். ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, படி ஏறி இறங்கி நொந்தவர். கப்பலில் ஒரு முறை பெட்டியைப் பிரித்து அலமாரியில் சேலையை அடுக்கினார், அதோடு சரி. ஊர் நம்மிடம் வருகிறது. லிஃப்ட் இருக்கிறது. பசித்தால் சாப்பாடு இருக்கிறது. என்ன சமைப்பது என்று ஐம்பது ஆண்டாக யோசித்த ஒரு பெண்மணிக்கு, அந்தக் கேள்வியே இல்லாத நான்கு நாள் எப்பேர்ப்பட்டது என்பதை அவர் மேல் தளத்து நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த விதத்தில் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம், நாற்பது வகைப் பதார்த்தங்கள் பரப்பியிருந்த மேசைகளைச் சுற்றி வந்துவிட்டு, “ஒரு பிடி அரிசிம்பருப்புச் சோறு இருந்தால் போதும்” என்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை ஒருவருக்கானது. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால். தனியாகப் போனால் ஏறக்குறைய இருவர் கட்டணம் ஆகிவிடும். மிகக் குறைந்த விலை, ஜன்னலே இல்லாத உள் அறைக்கு. சுமார் 150 சதுர அடி. நம் வீட்டுச் சாமான் அறை அளவு. கடலைப் பார்க்க ஜன்னல் வேண்டுமென்றால் அதற்கு மேல், பால்கனி வேண்டுமென்றால் அதற்கும் மேல். துறைமுகக் கட்டணம், வரி தனி. பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கும் போடுகிற கப்பல்கள் உண்டு.

ஏறியதும் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அறைக்குச் சாவியும் அதுதான், கப்பலுக்குள் பணமும் அதுதான். ரொக்கம் செல்லாது. காபிக் கடை, இணையம், மசாஜ், புகைப்படம், கட்டண உணவகம் எல்லாவற்றுக்கும் அட்டையை நீட்டினால் போதும். அந்தக் காலத்து மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. மாதக் கடைசியில் பார்க்கும்போதுதான் நெஞ்சு அடைக்கும். இது தற்செயலாக அமைந்த ஏற்பாடு அல்ல. பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியே, ஏறியபின் செய்யும் செலவிலிருந்து வருகிறது. டிக்கெட்டை மலிவாகக் கொடுக்க அவர்களால் முடிவது அதனால்தான். திருவிழாவில் கடை போடுகிறவர் வாடிக்கையாளரைக் கூவி அழைக்க வேண்டும். இங்கே வாடிக்கையாளர் மூன்று நாள் கடைக்குள்ளேயே தூங்கி எழுகிறார். சூதாட்டக் கூடத்தையும் தீர்வையில்லாக் கடைகளையும் ஏறிய அன்று பூட்டி வைத்திருந்தார்கள். ஏன் என்று மாமா கேட்டார். கரையிலிருந்து பொதுவாக 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் வரை அந்தந்த நாட்டின் எல்லை. அதைத் தாண்டிய பின் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். அந்தக் கொடி பெரும்பாலும் பஹாமாஸ் அல்லது பனாமாவாக இருக்கும். “கரையில் பூட்டு, கடலில் திறப்பா” என்று மாமா சிரித்தார். இரவு பத்து மணிக்கு உள்ளே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

அடுத்தது தலைசுற்றலும் வாந்தியும். அறைக்குள் இருக்கும்போது கண் சுவரைப் பார்த்து “அசையவில்லை” என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “அசைகிறது” என்கிறது. இரண்டும் முரண்படுவதால் வயிறு புரட்டுகிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. சாய்ந்தாடும் பலகையின் நடுவில் உட்காருகிற மாதிரி. மேல் தளத்தில் முன்பக்கத்து அறை பெருமைக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாது. மேலே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் சமாதானமாகும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் மீன் துடுப்பு போன்ற இறக்கைகள் உண்டு. ஆனாலும் அவை எல்லா அலையையும் அடக்கிவிடாது. மாத்திரை எடுப்பதென்றால் மருத்துவரைக் கேட்டு, புரட்டல் தொடங்குமுன் எடுக்க வேண்டும். தொடங்கியபின் விழுங்கினால் அது வயிற்றில் தங்காது.

மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே ஒதுங்கிய கடல், பொதுவாக அமைதியானது. எங்களுக்கு ஒரு விடிகாலை மட்டும் திடீரென்று காற்றும் மழையும் வந்தது. சுமத்ராப் பக்கமிருந்து வருவதால் ‘சுமத்ரா’ என்றே அதற்குப் பெயர். மேசையிலிருந்து விழுந்த தண்ணீர்ப் பாட்டில் கட்டிலுக்கடியில் இந்தப் பக்கம் உருளும், ஒரு நொடி நிற்கும், அந்தப் பக்கம் உருளும். ஜன்னலில்லாத இருட்டறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அரை மணி நேரத்தில்தான், நான் நிற்பது தரையில் அல்ல என்பது முதல் முறையாக எனக்கு உறைத்தது.

பயணத் திட்டத்தில் ‘கோலாலம்பூர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகரத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். காலை எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் வரிசையில் நின்று, குடிவரவுச் சோதனை முடித்து, பஸ்ஸில் ஏற ஒன்பதரை. கப்பல் மாலை ஐந்துக்குக் கிளம்பினால் நான்கு மணிக்குள் திரும்பியாக வேண்டும். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பத்துமலையில் 140 அடி முருகன் பொன்னிறத்தில் நிற்கிறார், 272 படிகள். இளமையில் சென்னிமலையின் 1,320 படிகளை நிற்காமல் ஏறிய அத்தை, கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். முழங்கால் ஒரு காரணம். வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டியது இன்னொரு காரணம். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் விலை அதிகம், ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக டாக்சி பிடித்துப் போனால் செலவு குறையும், தாமதமானால் கப்பல் போய்க்கொண்டே இருக்கும்; அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும். காற்று சரியில்லையென்று ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகும் உரிமையும் தலைமை மாலுமிக்கு உண்டு. டிக்கெட்டின் சிறு எழுத்தில் இது எழுதப்பட்டிருக்கும்.

என் மனைவி திருப்பூர்க்காரி. இரண்டாம் நாள் குளித்துவிட்டு வந்து, “ஏனுங்க, இத்தனை பேர் குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?” என்றாள். சாயப்பட்டறை ஊரில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் தோன்றும் கேள்வி. நொய்யலில் சாயம் ஓடியதும், அந்தக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நிறைந்ததும், 2011 இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்ததும், ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று ஆனதும் அவள் வீட்டுக் கதை. கப்பலில் நன்னீர் பெரும்பாலும் கடல் நீரிலிருந்து காய்ச்சி வடித்தோ, திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த அதே ஆர்.ஓ. முறையிலோ எடுக்கப்படுகிறது. வெளியே விடுவதில்தான் வேறுபாடு. கழிவறை நீரைச் சுத்திகரிக்காமல் விடுவதானால், மார்போல் என்ற அனைத்துலக ஒப்பந்தப்படி கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும்போது விட வேண்டும். குளியல், சலவை, சமையலறை நீரைப் பற்றி அந்தக் கழிவுநீர் விதி வாயே திறக்கவில்லை. சில நாடுகள் தங்கள் கடற்பரப்புக்குத் தனி விதி வைத்திருக்கின்றன. புதிய கப்பல்கள் பலவற்றில் நல்ல சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பதும் உண்மை. வெனிஸ் நகரம் பொறுக்க முடியாமல் போகவே, இத்தாலிய அரசு 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களை அதன் முக்கியக் கால்வாய்க்குள் விடுவதையே நிறுத்திவிட்டது. இதையெல்லாம் சொன்னதும் அவள், “நாம் ஒரு சொட்டு விட்டால் மின்சாரத்தைத் துண்டித்தார்கள்” என்று மட்டும் சொன்னாள்.

நோயும் அப்படித்தான், போக இடமில்லாததால் சுற்றிச் சுற்றி வருகிறது. நோரோவைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலுக்குப் பேர்போனது. அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பலில் நடப்பவை ஒரு சதவீதம் அளவே; ஆனால் கப்பலில் வந்தால் செய்தியாகிறது. உணவுக்கூட வாசலில் கையில் பீச்சும் மருந்து இதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவுவதே வழி. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் எல்லோருக்கும் நினைவிருக்கும்: 3,711 பேரில் 700 பேருக்கு மேல் கொரோனா. அதில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிகள் அறைக்குள் அடைந்திருக்க, அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது இவர்கள்தான்.

அந்தப் பணியாளர்களைப் பற்றிப் பேசாமல் கப்பலைப் பற்றிப் பேசுவது முறையல்ல. எங்கள் மேசைக்குத் தண்ணீர் ஊற்றிய பையன், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, “கோபிப் பக்கமுங்களா?” என்றான். கோவையில் கேட்டரிங் படித்தவன். ஒப்பந்தம் எட்டு மாதம். வார விடுமுறை என்று ஒன்று இல்லை. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்ற அனைத்துலக உடன்படிக்கை எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்கிறது. அதாவது 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். “கடலைப் பார்த்து நான்கு நாளாகிறதுங்க” என்றான், கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு. அவன் தங்குமிடம் கீழே, வேலை உள்ளே. ஊரில் பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆள் எடுக்கும் நிறுவனம் மத்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது அந்த அனைத்துலக உடன்படிக்கைப்படி கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிளம்புமுன் ஏழு சிறு ஊதலும் ஒரு நீள ஊதலும் கேட்கும். உயிர்காப்புச் சட்டை எங்கே, எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில்தான் படம் எடுக்கிறார்கள். 2012 இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய தளர்வு அதன் பின்னர்தான் போயிற்று.

இவ்வளவும் யோசித்துத் தயங்குபவர்களுக்குப் பக்கத்திலேயே வெள்ளோட்டம் இருக்கிறது. கோவையிலிருந்து கொச்சி இருநூறு கிலோமீட்டருக்குள். அங்கே கேரள அரசு நிறுவனத்தின் நெஃபர்டிட்டி என்ற சிறு சொகுசுக் கப்பல் சில மணி நேரம் கடலுக்குள் கூட்டிப்போய்க் கொண்டுவந்துவிடும். லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பலில் பகலில் தீவு, இரவில் கப்பல் என்ற பயணமும் உண்டு. அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆட்டம் பாட்டம் கிடையாது, சூதாட்டம் கிடையாது. உங்கள் வயிறு கடலோடு ஒத்துப்போகுமா என்பது மட்டும் தெரிந்துவிடும்.

கடைசி இரவு கதவுக்கடியில் ஒரு தாள் செருகியிருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, தறிக் கூலிக் கணக்குப் பார்ப்பது போல வரி வரியாகக் கோடு போட்டு வந்தார். ஏழாவது வரியில் நிறுத்தினார். இரண்டு பாட்டில் மது. ஆயுளில் தொட்டதில்லை. அத்தை எதுவும் பேசாமல் அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமலேதான் மாமா இரவு பதினொன்றுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். நானும் கூடப் போனேன். வரவேற்பு மேசை முன் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் பேசியது நம் ஊர்த் தமிழ்.